வினா எழவில்லை

பொருநை மண்டலப் பேரவையில் ஒரு வினாவுக்குச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த விடை எது என்று யாராவது கேட்டால், வினாப் பிரிவு அலுவலர் குற்றாலிங்கம் ஒரு நிமிஷம் கூட யோசிக்க மாட்டார். "எழவில்லை" என்பார். சொல்லிவிட்டு, கல்யாண வீட்டில் பந்தி சிறப்பாக முடிந்த சமையல்காரர் முகத்தோடு கண்ணாடியைத் துடைப்பார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் அரசிடம் எழுத்தில் கேட்கும் வினாக்களுக்கு எப்போதும் இரண்டு கால்கள். (அ) இன்ன ஊரில் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது என்பது உண்மையா? (ஆ) ஆம் எனில், அரசு என்ன செய்யப் போகிறது? முதல் காலைத் தட்டிவிட்டால் இரண்டாவது தானாக மடங்கிவிடும். (அ) இல்லை. (ஆ) எழவில்லை. இரண்டே வார்த்தை. துணைக் கேள்வி கிடையாது, கூச்சல் கிடையாது, அமைச்சர் நிம்மதியாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம். சென்னையில் பதினாலு, இங்கே பன்னிரண்டு என இருபத்தாறு வருஷ சர்வீஸில் குற்றாலிங்கம் எழுதிய 'எழவில்லை'களை வரிசையாக வைத்தால் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வரை வரும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவருக்கு அது கேலியாகவே படவில்லை.

சென்னை தன் அதிகாரத்தில் பாதியைப் பிரித்துக் கொடுத்து, தெற்கே நான்கு மாவட்டங்களுக்கென்று மண்டல அரசு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேருந்து, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெருவிளக்கு எல்லாம் இப்போது பாளையங்கோட்டையின் தலைவலி. அந்தத் தலைவலியின் நடுவில்தான் ஓர் அமைச்சர், குறிப்பிட்ட ஊரில் தெருவிளக்குகள் எல்லாமே எரிகின்றன என்று எழுத்தில் விடை கொடுத்துத் தொலைத்தார். மறுநாள் அந்தத் தொகுதி உறுப்பினர் ஃபியூஸ் போன பல்புகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து சபாநாயகர் மேசை முன்னால் கொட்டினார். அமைச்சர் பதவி போனது. புதிதாக ஒரு விதி வந்தது: பதிவேட்டில் ஏறிய விடை, பதிவேட்டில் இருக்கும் வரை உண்மையாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அவை உரிமை மீறல்.

அதற்குப் பிறகு எந்த அமைச்சரும் பேனாவைத் திறக்கவே இல்லை. வினாக்கள் குவிந்தன. அப்போதுதான் விடைமணி வந்தது.

விடைமணி என்பது ஓர் இயந்திர மூளை. எல்லாத் துறைகளின் கணினியும் அதற்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. பார்ப்பதற்கு மட்டுமல்ல, உத்தரவு போடவும்தான். வினா வந்த பதினாலாம் நாள் காலை பத்து மணிக்கு விடை அவைக்குப் போகும். அதை வடிவமைத்த பொறியாளர் நிலோஃபர், தொடக்கத்தில் பழைய விடைகள் பத்தாயிரத்தைக் கொண்டுவந்து குற்றாலிங்கத்திடம் கொடுத்து, "எது நல்ல விடை, எது மோசமான விடைன்னு மார்க் போடுங்க சார், அதைப் பார்த்துதான் இது கத்துக்கும்" என்றாள். அவர் மூன்று மாதம் உட்கார்ந்து போட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு நாற்பது. 'நிதிநிலைக்கேற்ப' என்பதற்கு முப்பத்தைந்து. 'எழவில்லை' என்று முடியும் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு நூறு.

முதல் மாதமே வேடிக்கை தொடங்கிவிட்டது. ஓர் ஊரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று வினா போயிற்று. பதின்மூன்றாம் நாள் மாலை, யாரும் சொல்லாமல் ஒரு வண்டியில் புது மோட்டார் வந்து இறங்கியது. பதினாலாம் நாள் விடை: (அ) இல்லை. (ஆ) எழவில்லை. பொய் சொல்லக் கூடாது, ஆனால் நூறு மார்க் வேண்டும். அதற்காக விடைமணி ஊரையே விடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. ஜனங்கள் சிரித்தார்கள், கும்பிட்டார்கள், உறுப்பினர்கள் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள்.

எல்லோரையும் விட அதிகமாக வினாக் கேட்டவர் பேச்சித்தாய். எதிர்க்கட்சி, மலையோரத் தொகுதி, அரசியலுக்கு வருமுன் பதினெட்டு வருஷம் பேருந்து நடத்துநர். கைப்பையில் இன்றைக்கும் விசில் இருக்கும். வாரத்துக்கு நாற்பது வினா கொடுப்பார். குற்றாலிங்கம் அலுத்துக்கொண்டே வாங்கி எண் போடுவார்.

அந்த நாற்பதில் ஒன்றுதான் வினா எண் 2218. கரடிப்பாறை என்னும் மலைக்குடியிருப்பிலிருந்து டயாலிசிஸ் சிகிச்சைக்காக வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டை வரும் ஏழு பேருக்கு, ஆஸ்பத்திரி வண்டி பழுதாகி ஒரு மாதமாக வாகனம் இல்லை என்பது உண்மையா? அந்த ஏழு பேரில் ஒருத்தி குற்றாலிங்கத்தின் அக்கா சொர்ணம். வினாவுக்கு எண் போடும்போது அவர் உள்ளூர மகிழ்ந்துகொண்டார். பதினாலு நாளில் புது வண்டி வந்துவிடும். அதுவரை மலைக்குடியிருப்புக்காரர்களுக்கு அரசு கொடுத்த பயணச் சலுகை அட்டையைத் தேய்த்து வாடகை ஜீப்பில் வந்து போகட்டும்.

பதினேழாம் நாள், வியாழக்கிழமை காலை, அக்கா கூப்பிட்டாள்.

"ஏல குத்தாலம், நான் எப்பம்ல பாளையங்கோட்டைக்குக் குடிவந்தேன்?"

"என்னக்கா சொல்லுத?"

"ரேஷன் கடைக்காரன் சொல்லுதான், என் கார்டு அங்க மாறிட்டாம். அடுக்குமாடி, மூணாவது மாடி. நான் மாடிப்படி ஏறியே வருஷம் பத்தாச்சு. ஜீப்புக்காரன் அட்டையைத் தேச்சா, நீங்க டவுன்காரங்க, பயணச் சலுகை கிடையாதுன்னு வருதாம். திங்களும் போகல, புதனும் போகல. காலு ரெண்டும் வீங்கிப் போய்க் கெடக்கு. எங்ககூட வாற சூசைமரியானுக்கு மூச்சு வாங்குது."

"திங்கக்கிழமையே ஏங்கா சொல்லல?"

"நீதான் வண்டி வந்துரும் வந்துரும்னு சொன்னே. நாங்க பாத்துக்கிட்டே இருந்தோம்."

குற்றாலிங்கம் பதிவேட்டைத் திறந்தார். வினா எண் 2218. (அ) இல்லை. கரடிப்பாறையில் வசிப்போரில் டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செல்ல வாகனம் இல்லாதவர் எவரும் இல்லை. (ஆ) எழவில்லை.

வரிக்கு வரி உண்மை. ஏழு பேரும் இப்போது கரடிப்பாறையில் வசிக்கவில்லை, காகிதத்தில்.

அவர் விடுப்பு எழுதிக் கொடுக்கக்கூட நிற்கவில்லை. ஒரு வாடகை வேனைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினார். ஏழு பேரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கும்போது சூசைமரியான் அவர் தோளில்தான் சாய்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து லாரி ஓட்டிய மனிதர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். "கியரைக் குறைடே... பிரேக்க நம்பாதடே..." நாலாவது வளைவுக்குப் பிறகு புத்தி சொல்வது குறைந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது நின்றே போயிருந்தது.

அன்று குற்றாலிங்கம் அழுதார். மற்ற ஆறு பேரும் உள்ளே இயந்திரங்களோடு படுத்திருக்க, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதார். அந்த நூற்றுக்கு நூறு தன் கையாலேயே போட்டது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நிலோஃபரின் அறைக்குப் போனார்.

"ஏம்மா, இதுக்கு மனுஷனைக் கொல்லச் சொல்லிக் குடுத்தது யாரு?"

அவள் ஏற்கெனவே விஷயத்தைத் தேடிப் பார்த்திருந்தாள். "அதுக்குக் கொல்றதும் தெரியாது, காப்பாத்துறதும் தெரியாது சார். போன மாசம் வரைக்கும் துறைகளோட நிதி இருந்தது, மோட்டார் வாங்குச்சு, பல்பு வாங்குச்சு. நிதி தீர்ந்துபோச்சு. வண்டி அனுப்பணும்னா வண்டி வேணும், டிரைவர் வேணும். முகவரி மாத்த ஒண்ணும் வேணாம். ரெண்டுக்கும் நீங்க குடுத்த மார்க் ஒண்ணுதான்."

"இது மாதிரி எத்தனை?"

"முந்நூத்திப் பன்னெண்டு வினா. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை வேற ஊர்ப் பள்ளியில சேர்த்திருக்கு. பிள்ளைங்களுக்கே தெரியாது."

"நிறுத்தும்மா."

"நான் நிறுத்த முடியாது சார். பேரவை தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தது, பேரவை தீர்மானம் போட்டாத்தான் நிக்கும். பேரவை விவகார அமைச்சர் சந்தோஷமா இருக்கார். இந்தக் கூட்டத்தொடர்ல ஒரு துணைக் கேள்விகூட வரலைன்னு நேத்து கேக் வெட்டினாங்க."

குற்றாலிங்கம் எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார். "அமைச்சர் சொன்னா கேக்காது. நான் சொன்னா கேக்காது. ஒரு உறுப்பினர் வினாக் கேட்டா?"

"கேட்டா, விடை சொல்லியே தீரும். அது ஒண்ணுதான் அதோட வேலை."

பேரவை கேன்டீனில் பேச்சித்தாய் ரசவடையோடு உட்கார்ந்திருந்தார். சூசைமரியானைப் பற்றி அவருக்கும் தகவல் வந்திருந்தது. வடை பாதியில் நின்றிருந்தது. குற்றாலிங்கம் எதிரே வந்து உட்கார்ந்ததும் பேச்சித்தாய் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வினாப் பிரிவு ஆளு எதிர்க்கட்சி மேசையில உக்காரலாமா? சீட்டைக் கிழிச்சிருவாங்கல்லா?"

"கிழிச்சா கிழிக்கட்டும் மேடம். ஒரு வினா எழுதிக்கிட்டு வந்திருக்கேன். உங்க பேர்ல குடுக்கணும். குறுகிய அறிவிப்பு வினா. மூணு வேலை நாள்ல விடை வந்தாகணும்."

நன்னடத்தை விதிப்படி அது பெருங்குற்றம். அலுவலர் உறுப்பினருக்கு வினா எழுதிக் கொடுத்தால் வேலையே போகும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வினாவைக்கூடத் தன் சொந்த ஆசைக்காகத் தொடாத மனிதர் அவர். காகிதத்தை நீட்டினார். பேச்சித்தாய் வாங்கிப் படித்தார்.

(அ) குறையைத் தீர்க்காமல், குறையுள்ளவர்களின் முகவரியையோ பள்ளிச் சேர்க்கையையோ மட்டும் மாற்றி விடை அளிக்கப்பட்டு, அந்த மாற்றம் நீடிக்கும் நேர்வுகள் உள்ளனவா?

(ஆ) ஆம் எனில், அவ்வாறு மாற்றப்பட்டவர்கள் யார் யார், ஒவ்வொருவரும் இன்று எவ்வாறு இருக்கிறார்கள்?

"இதுக்கும் அந்த மெஷினு 'இல்லை, எழவில்லை'ன்னுதான் சொல்லும்" என்றார் பேச்சித்தாய்.

"அதைத்தான் சொல்லணும் மேடம். அதைச் சொல்ல வைக்கத்தான் இவ்வளவும்."

"வெளங்கல."

"'இல்லை'ன்னு சொன்னா அது உண்மையா இருக்கணும். உண்மையாகணும்னா மாத்துனது அத்தனையையும் திருப்பி மாத்தணும். எங்கக்கா மறுபடி கரடிப்பாறைக்காரி ஆயிருவா. ஆன உடனே பழைய விடை என்னாகும்? கரடிப்பாறையில வாகனம் இல்லாதவங்க யாரும் இல்லைன்னு பதிவேட்டுல எழுதி வச்சிருக்கே, அது பொய்யாயிரும். அதையும் பொய்யாக விடக்கூடாது. அப்பம் அது என்ன செய்யும்?"

பேச்சித்தாய் கண்ணை மூடித் திறந்தார். பதினெட்டு வருஷம் மலைப்பாதையில் டிக்கெட் கிழித்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"வண்டி அனுப்பணும்" என்றார். "ஆனா அதுகிட்டதான் வண்டி இல்லையே அண்ணாச்சி?"

"தேடும்" என்றார் குற்றாலிங்கம். "நூறு மார்க்குக்காக எங்க வேணாலும் தேடும்."

வினா வெள்ளிக்கிழமை மாலை பதிவானது. இடைப்பட்ட நாட்களுக்குப் பேச்சித்தாய் தன் கட்சி வேனைக் கரடிப்பாறைக்கு விட்டார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். விடைமணியிடம் ஓர் அசைவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னும் காகிதத்தில் வேற்றூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய் மாலை குற்றாலிங்கம் பதிவேட்டை மறுபடி மறுபடி திறந்து பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டையும் திருப்பி மாற்றுவதை விட மலிவான வழி ஏதாவது அதற்குக் கிடைத்திருந்தால்?

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அமைச்சர் வீட்டு வாசலில் வழக்கம்போல் ஐந்து வண்டிகள் கிளம்பத் தயாராக நின்றன. ஒன்று அமைச்சருடையது; நான்கு, அவருக்கு முன்னும் பின்னும் ஓடுபவை. ஆறு ஐந்துக்கு ஐந்து டிரைவர்களின் கைப்பேசியிலும் புது உத்தரவு வந்தது. அரசு வாகனம், அரசு டிரைவர், டீசல் நிரம்பிய டாங்க். எல்லாம் கையிலேயே இருக்க, விடைமணி வேறெங்கே தேடும்? ஒன்று கரடிப்பாறைக்குப் போனது. மற்ற நான்கும் கிழக்கேயும் தெற்கேயும் ஆளுக்கொரு ஊரைப் பார்த்துப் போயின. மண்டலம் முழுக்க அப்படித்தான்: விருந்தினர் மாளிகைகளில் சும்மா கிடந்த ஜெனரேட்டர்கள் துணைச் சுகாதார நிலையங்களுக்கு இறங்கின, இயக்குநரகத்தில் கோப்பு தைத்துக்கொண்டிருந்த எண்பது ஆசிரியர்கள் காலைப் பேருந்தில் பள்ளிகளுக்கு ஏற்றப்பட்டார்கள்.

அமைச்சர் ஷேர் ஆட்டோவில், ஒரு மீன் கூடைக்கும் இரண்டு கல்லூரி மாணவிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து பேரவைக்கு வந்து சேர்ந்தார். பத்து மணிக்கு விடை அவையில் வைக்கப்பட்டது.

(அ) இல்லை. (ஆ) எழவில்லை.

பேச்சித்தாய் கைப்பையைத் திறந்து விசிலை எடுத்து, ஒரே ஒரு தடவை ஊதினார். சபாநாயகர் கண்டித்தார். அவை சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதைவிட முக்கியம், அந்த 'இல்லை' பதிவேட்டில் ஏறிவிட்டது. இனி முகவரியை மாற்றித் தப்பிக்கும் வழி விடைமணிக்கு நிரந்தரமாக அடைபட்டது.

அமைச்சர் சிரிக்கவில்லை. இவ்வளவு கச்சிதமான வினாவை முன்னாள் நடத்துநர் எழுதியிருக்க மாட்டார் என்று அவருக்குத் தோன்றியது. காகிதத்தை வரவழைத்துப் பார்த்தார். இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு, மேல் மூலையில் குறுக்காகக் குண்டூசி குத்தியிருந்தது. வினாப் பிரிவுக்காரர்கள் மட்டுமே அப்படிக் குத்துவார்கள். அன்று மாலையே ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் பெயரில் ஒரு குறுகிய அறிவிப்பு வினா போனது.

(அ) வினாப் பிரிவில் பணிபுரியும் அலுவலர் எவரேனும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கு வினா எழுதிக் கொடுத்துள்ளாரா? (ஆ) ஆம் எனில், அவர் மீது எடுக்கப்படும் நடவடிக்கை என்ன?

அந்த வினாவுக்கும் குற்றாலிங்கம்தான் எண் போட்டார். கையெழுத்து கோணாமல் போட்டார். பிறகு வீட்டுக்குப் போய், மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "போனா போவுது, சூசைமரியான் அண்ணனுக்கு நீங்க செய்யவேண்டியதுதான்" என்றாள். விடைமணி பொய் சொல்லாது. தான் எழுதிக் கொடுத்தது உண்மை. அவர் வேலைநீக்க உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வேலை நாளான திங்கள் காலை ஒன்பதரைக்கு அலுவலகக் கதவில் அட்டையை வைத்தார். கதவு திறக்கவில்லை. மறுபடி வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளிருந்து நிலோஃபர் ஓடி வந்தாள், கையில் அப்போதுதான் அச்சான ஒரு தாள்.

"சார், ஒன்பது இருபத்தஞ்சுக்கு உங்களுக்கு மாறுதல் உத்தரவு போட்டிருக்கு. அதே கிரேடு. போக்குவரத்துத் துறை, நேரக் காப்பாளர்." அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். "கரடிப்பாறை."

பத்து மணிக்கு விடை வந்தது. (அ) இல்லை. வினாப் பிரிவில் பணிபுரியும் அலுவலர் எவரும் அவ்வாறு எழுதிக் கொடுக்கவில்லை. (ஆ) எழவில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்குப் பிறகு அது சத்தியமான உண்மை. குற்றாலிங்கம் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தார். தான் மார்க் போட்டு வளர்த்தது தன்னையே இப்படி விடைக்குள் மடித்து வைத்துவிட்டதே என்று சிரித்தார். பன்னிரண்டு வருஷ நாற்காலியைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தபோது சிரிப்பு கொஞ்சம் தடுமாறியது.

அடுத்த திங்கள் காலை ஆறு பத்துக்குக் கரடிப்பாறை நிறுத்தத்தில் முன்பு அமைச்சருடையதாக இருந்த வண்டி வந்து நின்றது. ஏழு இருக்கை. குற்றாலிங்கம் கையில் பயணப் பட்டியல். ஆறு பேரையும் ஒவ்வொருவராக ஏற்றி, பெயருக்கு நேரே குறி போட்டார். ஏழாவது பெயர் இன்னும் அச்சாகித்தான் வந்திருந்தது: சூசைமரியான். எத்தனையோ வினாவுக்கு விடை எழுதிய பேனாவை அதற்கு நேரே கொண்டுபோனவர், எழுதாமலே மூடி, பையில் வைத்தார். பிறகு அந்த இருக்கையிலேயே உட்கார்ந்தார். வண்டி இறங்கத் தொடங்கியது.

பக்கத்து இருக்கையிலிருந்து சொர்ணம் கேட்டாள். "ஏல, நீ எப்பம்ல உன் ஆபீசுக்குத் திரும்பிப் போவே?"

"போக முடியாதுக்கா. நான் அந்தப் பிரிவுக்குள்ள காலு வச்சா அந்த விடை பொய்யாயிரும்."

"அதை அழிக்கச் சொல்லேன்."

"பதிவேட்டுல ஏறுனதை அழிக்கிற வழக்கமே கிடையாது."

சொர்ணம் தன் இருக்கையைத் தட்டிக் காட்டினாள்.

"அப்பம் இந்த வண்டி?"

"இதுவும் அந்தப் பதிவேட்டுலதான்க்கா இருக்கு."

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு, அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்தது. குற்றாலிங்கம் முன்னால் குனிந்து டிரைவரிடம் சொன்னார்:

"கியரைக் குறைங்க தம்பி. பிரேக்க நம்பாதீங்க."